சொல்ல வைத்தவள்

தப்பாகப் பேசக் கற்றுக்கொடுப்பதற்கென்று சம்பளம் கொடுத்து ஒரு டீச்சரை வைத்திருக்கிற ஆலையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்தச் சாய ஆலையில் வைத்திருந்தார்கள்.

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணிச் சாயம் போட்டுக் கொடுக்கிற ஆலை அது. வாங்குகிற கம்பெனியிலிருந்து அவ்வப்போது அதிகாரிகள் வருவார்கள். வந்தவர்கள் மெஷினையும் துணியையும் பார்த்துவிட்டுப் பேசாமல் போவார்களா என்றால், மாட்டார்கள். நாலைந்து தொழிலாளிகளைத் தனியாக உட்கார வைத்து, முகமூடி தருகிறார்களா, கையுறை தருகிறார்களா, யாராவது மிரட்டுகிறார்களா என்று துருவுவார்கள். அதற்கெல்லாம் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே ஊட்டிவிடுவதுதான் டீச்சரின் வேலை. சேரும்போது 'ஆங்கிலப் பயிற்சி' என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அதையும் அவள் செய்யாமல் இல்லை. ஷிப்டு முடிந்து வருகிறவர்களை கேன்டீனுக்குப் பின்னால் இருக்கிற நீள அறையில் உட்கார வைத்து, நீலமும் சிவப்பும் ஏறிப்போன விரல்களில் பேனாவைப் பிடிக்க வைத்து, முறையாக இலக்கணம் நடத்தினாள். ஆனால் அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்துவிட்டால் இலக்கணத்தை மூட்டை கட்டிவிட்டு மனப்பாடத்தை ஆரம்பித்துவிட வேண்டும்.

"பிழையில்லாம பேசினாங்கன்னா காரியமே கெட்டுது டீச்சர்" என்று முதல் வாரமே சொல்லிவிட்டார் ஹெச்.ஆர். அதிகாரி. தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் சர்க்கரை. ஆளை வேலையை விட்டுத் தூக்கும்போதுகூட இனிக்க இனிக்கத்தான் பேசுவார். அதனாலேயே அவர் சிரித்தால் எல்லோரும் ஏதாவது வேலையைச் சொல்லிக்கொண்டு நழுவிவிடுவார்கள். "அந்த அதிகாரிங்க மகா கெட்டிக்காரங்க. சாய மூட்டை தூக்கறவன் வழவழன்னு ஒரு வாக்கியம் சொன்னான்னா, யாரோ சொல்லிக்கொடுத்ததுன்னு மோப்பம் பிடிச்சு அந்தப் பதிலையே அடிச்சிடுவாங்க. அங்கங்க ஒரு தப்பு வெச்சுக் கொடுங்க. கொஞ்சம் திக்கட்டும். ஒரு வார்த்தையைத் தேடட்டும். பாக்க இயல்பா இருக்கணும், அவ்வளவுதான்."

ஆக, 'வீ மாஸ்க் ஆல்வேஸ் வேரிங்' என்று ஒருவருக்கு, 'கம்பெனி கிவ் மாஸ்க் எவ்ரிடே' என்று இன்னொருவருக்கு, ஆளுக்கொரு தப்பாகப் பங்கு போட்டுக் கொடுத்தாள் டீச்சர். எம்.ஏ. வரை படித்த வாயால் தப்பை உருப்போட வைக்கும்போது நாக்கு கூசும். கூசி என்ன செய்ய? பக்கவாதம் வந்து படுத்துவிட்ட கணவரைப் பார்த்துக்கொள்கிற கையும், வீட்டில் சம்பாதிக்கிற கையும் அவளுடையதுதான். முகமூடிகள் உண்மையில் மேனேஜர் அறைக்கு வெளியே இருந்த கண்ணாடி அலமாரியில், உறைகூடப் பிரிக்காமல் பூட்டிக் கிடந்தன. வருகிற அதிகாரிகளுக்குக் காட்டுவதற்காக வாங்கியவை. அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லிக்கொடுத்தாள்.

அந்த வகுப்பில் இரண்டு பேர் அவளுக்கு ரொம்பப் பிரியமானவர்கள். ஒருவர் மேஸ்திரி. சாயத் தளத்தையும் பின்னால் இருக்கிற கழிவுநீர்த் தொட்டிகளையும் கவனிக்கிறவர். வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார், ஆனால் வகுப்புக்கு ஒரு நாள் தவறமாட்டார். இன்னொருவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். தலையில் ஒரு முடி கிடையாது. மற்றவர்கள் கேலி செய்வதற்கு முன்னால் தானே முந்திக்கொண்டு தனக்குச் சொட்டை என்று பெயர் வைத்துக்கொண்டவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். கேட்டால், "நம்பிக்கைதான் டீச்சர்" என்பார். கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர். தங்கை வீட்டோடு இருந்தார். அவரை ஆலையில் சேர்த்துவிட்டதே மேஸ்திரிதான்.

டீச்சர் அன்று நடத்தியது, ஒருவரை வைத்து ஒரு காரியத்தைச் செய்விப்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பது.

"நாலு வார்த்தை இருக்கு. மேக், ஹேவ், கெட், லெட்" என்று பலகையில் எழுதினாள். "நமக்கு 'செய்ய வெச்சான்'னு ஒண்ணு சொன்னா போதும். அவங்க எப்படிச் செய்ய வெச்சான்னு பிரிச்சுக் கேப்பாங்க. மேக்னா கட்டாயம், மாட்டேன்னு சொல்ல வழி கிடையாது. ஹேவ்னா, அது அவன் வேலை, சொன்னா செய்வான். கெட்னா நைச்சியமா பேசி, கெஞ்சி, எப்படியோ சம்மதிக்க வைக்கிறது. லெட்னா தடுக்காம விட்டுடறது."

பின் பெஞ்சிலிருந்து சொட்டை கையைத் தூக்கினார். "டீச்சர், என் தங்கச்சி இந்த மாப்ளையைப் பாத்திரம் கழுவ வைக்கிறா. அது எதுல சேரும்?"

"கெஞ்சறாங்களா, மிரட்டறாங்களா?"

"ரெண்டும் இல்லீங்க. சும்மா ஒரு பார்வை பாப்பா. அவ்வளவுதான்."

"அப்ப மேக்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மேஸ்திரி காது சிவக்க எழுந்து நின்று, அதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். "மை ஒய்ஃப் மேட் மீ டு வாஷ்."

"டு வராது மேஸ்திரி. எத்தனை தடவை சொல்றது! கட்டாயப்படுத்தறவனுக்கு நடுவுல ஒரு வார்த்தை வைக்கப் பொறுமை இருக்காதுன்னு ஞாபகம் வெச்சுக்குங்க. கெஞ்சறவன்தான் டு போட்டுக் கெஞ்சுவான். மேக்குக்கு டு கிடையாது, கெட்டுக்கு உண்டு."

"சரிங்க டீச்சர்" என்று உட்கார்ந்தார். அடுத்த முறையும் டு போட்டார். அந்த 'டு' அவரை விட்டுப் போவதாயில்லை.

அந்த வாரமே சொட்டை செத்துப்போனார்.

ஆலைக்குப் பின்னால், தரைக்கு அடியில் இருந்தது அந்தக் கழிவுநீர்த் தொட்டி. ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வாய், அதற்கு ஓர் இரும்பு மூடி, உள்ளே இறங்கத் துருப்பிடித்த படிக்கம்பிகள். அடியில் இருக்கிற பம்பில் துணி நூலும் சேறும் போய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் மேலேறி முற்றம் வரைக்கும் நாறியது. மறுநாள் அதிகாரி வருகிறார். மேனேஜர் மேஸ்திரிக்குப் போன் போட்டார். நாளைக்குள் நாற்றம் நிற்க வேண்டும், ஆளை இறக்கி எடு என்றார். உள்ளே விஷவாயு இருக்கும் சார், முகமூடியாவது எடுத்துக் கொடுங்கள் என்று மேஸ்திரி கேட்டார். நாளைக்குக் காட்ட வேண்டிய சாமானைச் சேறாக்கச் சொல்கிறாயா என்று பதில் வந்தது. "உன் மச்சான் சும்மாதானே நிக்கிறான், அவனை இறக்கு. இல்லேன்னா ரெண்டு பேரும் கேட்டுக்கு வெளிய போய் நில்லுங்க." போனை வைத்துவிட்டார்.

மேஸ்திரி மச்சானிடம் போய் நின்றார். சொட்டை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பையிலிருந்த சீப்பை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். நாலு படிக்கம்பி இறங்குகிற வரைக்கும் ஏதோ கேலி பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் பேச்சு நின்றுபோனது. பின்னாலேயே குதிக்கப் போன மேஸ்திரியைச் சுற்றி நின்றவர்கள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அவர் அலறிய அலறல் நீள அறை வரைக்கும் கேட்டது. டீச்சர் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனி ஒரு கதை கட்டியது. செத்தவருடைய செல்போன் தொட்டிக்குள் விழுந்துவிட்டது, அதை எடுக்கத் தானாகவே இறங்கினார், யாரும் இறக்கவில்லை. சொட்டையிடம் செல்போனே கிடையாது என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யார் போய்ச் சொல்வது? வாங்குகிற கம்பெனி, விசாரிப்பதற்கென்றே தனியாக ஒரு பெண் அதிகாரியை அனுப்புவதாகச் சொன்னது. அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்யலாம் என்று போலீசும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"மேஸ்திரியைத் தயார் பண்ணுங்க டீச்சர்" என்றார் சர்க்கரை. "அவனா இறங்கினான், நான் பாக்கலை, அவ்வளவு போதும். ரெண்டு தப்போட. அந்த அம்மா முன்னாடி மொழிபெயர்க்கறதும் நீங்கதான். நானும் ஒரு ஓரமா உக்காந்திருப்பேன். பயப்படாதீங்க."

பயப்படாதே என்று அவர் சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயமே வந்தது.

மேஸ்திரி வகுப்புக்கு வரவில்லை. அவள்தான் அவர் வீட்டுக்குப் போனாள். ஒரே அறை, அதை ஒட்டி ஒரு சமையல்கட்டு. ஜன்னல் கட்டையில் அந்தச் சீப்பு இருந்தது. மேஸ்திரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தட்டில் சோற்றைப் போட்டு அவருக்கு எட்டுகிற தூரத்தில் தரையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள். அண்ணன் செத்த நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அவர் பேசினால் பதில் கிடையாது. அவர் தொட்ட பாத்திரத்தை அவள் உடனே எடுப்பதில்லை.

டீச்சர் சமையல்கட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எங்கண்ணன் போனை எடுக்க இறங்குச்சாம்" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "ஊரெல்லாம் அதையே சொல்லுது. எங்கண்ணன்கிட்ட ஏது போனு? இந்த மனுஷன் வாயைத் திறக்கலை. யார் இறக்குனதுன்னு இவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வீட்டுக்குள்ள எங்கிட்ட வந்து அழுதா ஆச்சா? அந்த அதிகாரி முன்னாடி போய், பேரைச் சொல்லிச் சொல்லட்டும். நானும் சேந்து செஞ்சேன்னு சொல்லட்டும். அன்னைக்கு நான் இவர்கிட்ட பேசறேன். இல்லேன்னா செத்தாலும் பேச மாட்டேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் மேஸ்திரிக்கு இதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வெளியே வந்த டீச்சரோடு தெருமுனை வரைக்கும் நடந்தார். அங்கே நின்று, சாயம் போகாத தன் கைகளையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"டீச்சர், எனக்கு ரெண்டு வாக்கியம் சொல்லிக்கொடுங்க. கம்பெனி வாக்கியம் வேணாம். அவர் என்னைச் செய்ய வெச்சாரு. நான் மச்சானை இறங்க வெச்சேன். ரெண்டும் சேந்து வரணும். அவர் பேரை மட்டும் சொல்லி நான் நழுவக்கூடாது. என் பேரை மட்டும் சொல்லி அவர் நழுவக்கூடாது."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதர் இத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதே இல்லை.

"முதல்ல உள்ளதுக்கு மேக் போடலாம்" என்றாள் மெல்ல. "ரெண்டாவது எப்படி? நீங்க அவரைக் கட்டாயப்படுத்தினீங்களா?"

மேஸ்திரி தெருவில் போன ஒரு வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"இல்லைங்க. கெஞ்சினேன். வேலை போயிரும் மச்சான், தங்கச்சிக்குக் கஷ்டமாயிரும் மச்சான்னு கெஞ்சினேன். கெஞ்சாதே மாப்ளே, நான் இறங்கறேன்னாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கட்டாயப்படுத்தியிருந்தா அவர் மாட்டேன்னு சொல்லியிருப்பாரு டீச்சர். கெஞ்சினதாலதான் இறங்கினாரு."

"அப்ப கெட்" என்றாள் டீச்சர்.

அவர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார். "நான் நம்ம பேச்சுலயே சொல்லிடறேனே. நீங்கதானே மாத்திச் சொல்லப் போறீங்க? உங்களை நான் நம்பறேன்."

இங்கேதான் நான் அவளை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்பேன். அவர் தமிழில் சொன்னால், மேனேஜர்தான் செய்ய வைத்தார் என்பதைச் சர்க்கரை முன்னால் அவள் வாயால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மறுநாள் அவளுக்கு அந்த ஆலையில் வேலை இருக்காது. அவரே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால் அவள் மேல் ஒரு பேச்சும் வராது. நல்லது செய்ய நினைத்தாள், இல்லையென்று சொல்லவில்லை. தன் கை சுடாமல் செய்ய நினைத்தாள்.

"உங்க வாயால நேரா சொன்னாதான் எடுபடும் மேஸ்திரி" என்றாள். அதில் பாதி உண்மையும் இருந்தது. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு அவள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாளிலிருந்து நீள அறையில் பயிற்சி நடந்தது. சர்க்கரை எட்டிப் பார்த்தால் இருவரும் கம்பெனி வாக்கியத்துக்குத் தாவிவிடுவார்கள். அவர் தலை மறைந்ததும் உண்மை திரும்பி வரும். தி மேனேஜர் மேட் மீ டூ இட். ஐ காட் மை பிரதர்-இன்-லா டு கோ டவுன். மேனேஜர் என்னைச் செய்ய வைத்தார், நான் கெஞ்சி என் மச்சானை இறங்க வைத்தேன். முதலாவதில் வருவது 'செய்' என்கிற நீண்ட டூ, அந்தக் குட்டி டு இல்லை. இவ்வளவுதான். மேஸ்திரி முதலாவதில் டு போட்டுவிட்டு இரண்டாவதில் விட்டுவிடுவார். டீச்சர் விடவில்லை. மறுபடி, மறுபடி, மறுபடி. உச்சரிப்பைத் திருத்தினாள். எங்கே நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். மெஷின் தளத்தில் துணி உருட்டும்போதும் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்ததாகச் சொன்னார்கள்.

ஒரே ஒருமுறை அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. ஒரு தப்பு வைத்துக் கொடுத்துவிடலாமா? கொஞ்சம் திக்கச் சொல்லலாமா? வந்த வேகத்திலேயே அதை உதறிவிட்டாள். சே, இத்தனை நாள் பொய்க்குத் தப்பைச் சொல்லிக்கொடுத்தது போதாதா? உண்மைக்கு எதற்குத் தப்பு? செத்தவருக்குச் செய்கிற மரியாதை, ஒரு பிழை இல்லாமல் இருக்கட்டும். இந்தப் பிடிவாதத்தில் படித்தவளின் கர்வமும் கொஞ்சம் கலந்திருந்தது. தன் கையால் ஒரு நல்ல வாக்கியமாவது அந்த ஆலையை விட்டு வெளியே போகட்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

விசாரணை நாளன்று மேஸ்திரி துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பையில் சீப்பு இருந்தது. மேனேஜரின் கூட்ட அறையில் நீள மேஜைக்கு ஒரு பக்கம் வெளிநாட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, சங்கிலியில் தொங்குகிற மூக்குக் கண்ணாடி, நிதானமான பேச்சு. கெட்டவராகத் தெரியவில்லை. எதிரே மேஸ்திரி, அவருக்குப் பக்கத்தில் டீச்சர். ஓரமாக நாற்காலி போட்டுக்கொண்டு சர்க்கரை.

அம்மா முதலில் சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டார். இங்கே எத்தனை வருஷமாக வேலை? மேஸ்திரி டீச்சரின் உதவி இல்லாமல் தானே சொல்லிப் பார்த்தார். "ஐ... மெனி இயர்... ஒர்க்கிங். டை. அண்டு டேங்க்." அம்மா புன்னகையோடு தலையாட்டினார். வீட்டில் எத்தனை பேர் என்றதற்கு, "டூ. பிஃபோர் த்ரீ" என்றார். அம்மாவின் முகத்தில் புன்னகை போய்விட்டது. வருந்துகிறேன் என்றார். மேஸ்திரிக்கு அது புரிந்தது.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அன்று என்ன நடந்தது என்று கேட்டார். டீச்சர் கேள்வியை மொழிபெயர்த்தாள்.

மேஸ்திரி எழுந்து நின்றார். வகுப்பில் நிற்பதுபோலவே கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து, கணீரென்று சொன்னார். "தி மேனேஜர் மேட் மீ டூ இட். ஐ காட் மை பிரதர்-இன்-லா டு கோ டவுன்."

ஒரு பிசிறு இல்லை. டு எங்கே கூடாதோ அங்கே இல்லை, எங்கே வேண்டுமோ அங்கே இருந்தது. எதற்கும் அசையாத சர்க்கரையே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். டீச்சருக்குப் புல்லரித்தது.

அம்மா எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மேஸ்திரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போனில் மேனேஜர் சரியாக என்ன சொன்னார், எந்த வார்த்தை சொன்னார் என்று கேட்டார். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தி அவளைத் தடுத்துவிட்டார். மேஸ்திரிக்குக் கேள்வி புரியவில்லை. டீச்சரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, முதலிலிருந்து அதே இரண்டு வாக்கியத்தையும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மூச்சு விட வேண்டிய இடத்தில் விட்டு, இன்னும் நன்றாகச் சொன்னார்.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் வாரமே சர்க்கரை எச்சரித்தது எதுவோ, அதுதான் நடந்துகொண்டிருந்தது.

அம்மா இப்போது ஒவ்வொரு வார்த்தையாக, குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டார். ஹூ. டாட். யூ. திஸ். இதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

இது மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. மச்சான் போன நாளிலிருந்து சிரிக்காத முகம் மலர்ந்தது. தன் ஆங்கிலத்தைத்தான் மெச்சுகிறார்கள் என்று நினைத்துவிட்டார் அந்த மனிதர். பெருமையோடு டீச்சர் பக்கம் கையை நீட்டினார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவராகவே, வாழ்க்கையில் முதல்முறையாகப் பிழையில்லாமல் தானே கட்டிய வாக்கியம் ஒன்று வந்தது. "டீச்சர் மேட் மீ சே இட்."

டு போடவில்லை. சரியாகச் சொன்னேனா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

அப்படியா என்பதுபோல் அம்மா டீச்சர் பக்கம் திரும்பினார். நீங்கள்தான் இவரை இப்படிச் சொல்ல வைத்தீர்களா?

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஆமாம், நான்தான். ஏனென்றால் அது உண்மை. அவர் தெருமுனையில் நின்று அழுதுகொண்டே தமிழில் சொன்னதை நான் ஆங்கிலமாக்கினேன். தமிழில் கேளுங்கள், விஷவாயுவைச் சொல்வார், பூட்டிய அலமாரியைச் சொல்வார், சீப்பைச் சொல்வார். எல்லாம் அவளுடைய நாக்கு நுனியில்தான் இருந்தது. சர்க்கரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை. வழக்கமான சிரிப்புதான்.

"நான் இலக்கணம் மட்டும்தான் சொல்லிக்கொடுக்கிறேன்" என்றாள் டீச்சர், சுத்தமான ஆங்கிலத்தில்.

அம்மா பேனாவை எடுத்து நிதானமாக ஏதோ எழுதினார். இனி இந்த மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தன்னால் எதையும் கேட்க முடியாது என்றார். மேஸ்திரிக்கு நன்றி சொன்னார். மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கனம் இறங்கிய முகத்தோடு வெளியே போனார்.

தாழ்வாரத்தில் சர்க்கரை அவள் கூடவே நடந்துவந்தார்.

"உங்களுக்குத்தான் டீச்சர் நன்றி சொல்லணும். நீங்க என்ன நினைச்சு சொல்லிக்கொடுத்தீங்கன்னு எனக்குத் தெரிய வேணாம். மேனேஜர் மேல சொன்னது சொல்லிக்கொடுத்த சரக்குன்னு அந்த அம்மா அடிச்சுட்டாங்க. ஆனா நான்தான் மச்சானை இறக்கினேன்னு தன் மேலயே சொன்னாரு பாருங்க, அது நிக்கும். தன்னைத்தானே மாட்டிவிட எவனும் மனப்பாடம் பண்ண மாட்டான்ல? போலீசுக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு வந்து மேஸ்திரியைக் கூட்டிட்டுப் போவாங்க." பிறகு, குறைபட்டுக்கொள்கிற குரலில், "தப்பு வெச்சுக் கொடுங்கன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?" என்றார்.

அவர் திரும்பிப் போன பிறகு வகுப்பறைக்கே போய்விடலாமா என்று பார்த்தாள். ஆனால் வெளியே போக ஒரு கேட்டுதான் இருந்தது.

கேட்டுக்கு வெளியே, மதில் நிழலில் மேஸ்திரியின் மனைவி தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள். மேஸ்திரி அவளிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து நின்றதை, பேரைச் சொன்னதை, தன் பேரையும் சேர்த்துச் சொன்னதை, இரண்டாம் முறை இன்னும் சத்தமாகச் சொன்னதை. அவள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள். பிறகு பாட்டிலின் மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

"குடிங்க" என்றாள்.

அந்த ஒரு சொல்லை மேஸ்திரியால் தாங்க முடியவில்லை. பாட்டிலை வாயில் வைத்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதார். தண்ணீர் துவைத்த சட்டையெல்லாம் வழிந்தது. அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். பொது இடம் என்றுகூடப் பார்க்கவில்லை.

டீச்சர் மதிலோரமாக ஒதுங்கிப் போகப் பார்த்தாள். அதற்குள் மேஸ்திரியின் மனைவி பார்த்துவிட்டாள். ஓடிவந்து டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அவரைச் சொல்ல வெச்சது நீங்கதானாமே" என்றாள். "எங்கண்ணனுக்கு நீங்க செஞ்சதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன் டீச்சர்."

உள்ளே அந்த அம்மா கேட்டபோது இல்லையென்று நழுவியவள், இங்கே ஆமாம் என்று தலையை ஆட்டினாள். ஏன் ஆட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பிடித்திருந்த கைகள் அவ்வளவு சூடாக இருந்தன. நாளைக்குப் போலீஸ் வருவதைச் சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட்டால் இன்று ஒரு நாளாவது அவர்களுக்கு இருக்கும், யாரையாவது பார்க்கலாம், எங்கேயாவது போகலாம். வாயைத் திறந்தாள். கேட்டுக்கு உள்ளே காவல்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். அழுததில் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"ஒரு டு கூடத் தப்பா விழலை, கவனிச்சீங்களா டீச்சர்? மச்சான் இருந்திருந்தா நம்பியிருக்க மாட்டாரு." பையிலிருந்த சீப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அவர் போனதுலேர்ந்து வகுப்புக்கு ஒழுங்கா வரலை. நாளையிலிருந்து வந்துடறேன்."

"வாங்க மேஸ்திரி" என்றாள் டீச்சர்.